கூடைக்கு அடியில் ஒரு காலடி

ஒன்பதாம் மாதம், முதல் நாள்

இலையுதிர்கால வில் சோதனை முடிந்தது. காலால் உதைத்து நாண் பூட்டும் விசைவில்லை ஆளுக்கொன்று கொடுத்து, எட்டத்தில் நட்ட பலகையை அடிக்கச் சொன்னார்கள். எங்கள் காவல் கோபுரத்தில் மட்டுமில்லை, இந்த எல்லை வரிசையில் இருக்கும் அத்தனை கோபுரங்களிலும் நான்தான் முதல். தலைவர் ஃபான் ஜி என் முதுகில் ஓங்கித் தட்டி, "குவோ அன், நீ ஆம்பளைடா" என்றார். பாராட்டுகிறாராம்.

நான் ஆம்பளை இல்லை. குவோ அன் என் தம்பி. படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் அவன் பெயர் வந்தது, அவனுக்குப் பதிலாக நான் வந்து நிற்கிறேன். இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. கண் என்று ஒன்றை முகத்தில் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

வயிற்றெரிச்சல் அதற்கில்லை. பரிசு என்று ஒன்று கொடுத்தார் பாருங்கள், அதற்குத்தான். "இன்னையிலேருந்து உனக்கு மணல் வேலை கிடையாது. அதை லூ பார்த்துப்பான்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். லூ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

கோபுரத்துக்கு வடக்கே எல்லை நெடுகிலும் ஒரு பட்டையாக மணல் பரப்பி வைத்திருக்கிறோம். தினமும் காலையில் ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். காலடியோ குளம்படியோ இருந்தால் தலைவரிடம் வந்து சொல்ல வேண்டும். பிறகு பரம்புக்கட்டையைக் கயிறு கட்டி இழுத்து, அடுத்த நாள் யார் தாண்டினாலும் தெரியும்படி மணலைச் சமமாக்க வேண்டும். முதுகு ஒடியும் வேலை, எவனுக்கும் பிடிக்காது. மாதத்தில் சில நாள் நான் மட்டும் கேட்டு வாங்கிச் செய்வேன். ஏன் என்பதை எழுத வேண்டியதில்லை.

மூன்றாம் நாள்

இன்று அடுப்படி முறை எனக்கும் மெங் அண்ணனுக்கும். தினையை வேகவைக்கிறேன் என்று அண்ணன் பாதியைக் கருக்கினார். "கருகினாதான் வாசனை" என்றார். அவர் சமைப்பதில் தினமும் வாசனைதான்.

ரென் அக்கா குளிர்காலக் கம்பளிக் காலுறைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். கோபுரத்துக்குக் கீழே, வீரர்களின் குடும்பங்கள் இருக்கும் குடியிருப்பில் தனியாக இருக்கிறாள். புருஷன் இங்கே வீரனாக இருந்து செத்துப்போனவன். அவன் விட்டுப்போன பூண்டுத் தோட்டம் அவள் பெயரிலேயே இருக்கிறது. தெற்கே ஊரில் தங்கை இருக்கிறாள். நினைத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எனக்குத் தெரிந்து யாரையும் கேட்காமல் எங்கும் போய்வரும் ஒரே ஆள் அவள்தான்.

போன மாதம் என் காலை அளவெடுத்தபோது கயிற்றை இரண்டு தரம் பிடித்துப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். பாவம், கண் மங்கல் போலிருக்கிறது.

காலுறை கச்சிதமாக இருக்கிறது. ஊரில் தம்பிக்கும் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். அவன் நோஞ்சான், இந்தப் பனியைத் தாங்கமாட்டான். அதனால்தான் நானே ஆசைப்பட்டு அவனுக்குப் பதில் வந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை.

ஐந்தாம் நாள்

வேண்டியதில்லை என்று எழுதினேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மாதவிலக்குத் துணியை எங்கே அலசுவது? கோபுரத்தில் ஒரே தொட்டி, அதைச் சுற்றி எப்போதும் ஆண்கள். மணல் பட்டைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில் நாணல் ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. விடிவதற்குச் சற்று முன் போய், அலசிக்கொண்டு வந்துவிடுவேன். படைக் காலணியின் தடம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் வெறுங்காலோடு நடப்பேன். அன்று மணல் முறையும் என்னுடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். என் காலடியை நானே பார்த்து, நானே பரம்படித்து, ஒரு தடமும் இல்லை என்று நானே போய்ச் சொல்வேன்.

இன்று எனக்கு முறை இல்லை, பரிசு வாங்கியிருக்கிறேனே. விலக்கு வந்துவிட்டது, வேறு வழியில்லாமல் போனேன். விடிந்ததும் காற்று வீசும், தடம் மூடிவிடும் என்று நம்பினேன். வருஷம் முழுக்க நம் வாயில் மணலைக் கொட்டுகிற காற்று இன்று எங்கே தொலைந்ததோ, ஒரு புல்கூட ஆடவில்லை.

ஆறாம் நாள்

நேற்று லூ மணல் பார்க்கவே போகவில்லையாம், தூங்கிவிட்டானாம். இன்று போனான். ஓடிவந்தான்.

தலைவர் எங்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனார். மண்டியிட்டு, காலடியைச் சாணால் அளந்தார். மோந்து பார்க்காததுதான் பாக்கி. பிறகு எழுந்து சொன்னார்.

"பொம்பளைக் கால். கோபுரத்துப் பக்கத்திலேருந்து போயிருக்கு, திரும்பி வந்திருக்கு. அப்ப உள்ளே ஒரு பொம்பளை இருந்திருக்கா. அந்தப் பக்கம் போய் எதிரிகிட்ட சேதி சொல்லிட்டு வந்திருக்கா."

நல்ல தடங்களாகப் பார்த்து ஆறேழின் மேல் தானியக் கூடைகளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். மேலதிகாரி வந்து பார்க்க வேண்டுமாம். பிறகு எங்களை வரிசையில் நிற்க வைத்து, "எவன்டா பொம்பளையை உள்ளே கூட்டிட்டு வந்தது?" என்றார். அந்தக் கால் அவருக்கு நேரே காலணி போட்டுக்கொண்டு நின்றது. அவர் என்னைத் தாண்டிப் போய், தாடி வைத்த தடியன்களை முறைத்துப் பார்த்தார்.

பயந்தார்களா என்றால் இல்லை. சிரித்தார்கள். ஒருவனை ஒருவன் முழங்கையால் இடித்தார்கள். "கொடுத்துவச்சவன் யாருடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். லூ கழுத்தைச் சொறிந்துகொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தான். உடனே எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். போன வாரம்வரை அவனை ஒரு ஆளாகவே மதிக்காதவர்கள், இன்று அவன் தோளில் கை போட்டார்கள்.

அதற்குள் குடியிருப்பில் விசாரணை. "என் பொண்டாட்டி என் கூடத்தான் இருந்தா" என்று புருஷன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண்ணை விட்டுவிட்டார்கள். ரென் அக்காவுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல யாருமில்லை. தலைவர் லூவைக் கூப்பிட்டு, "அவளா?" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆவலாக அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா தலைவரே. என்னைத் தேடித்தான் வந்தா. அந்தப் பக்கம் போனது எனக்குத் தெரியாது."

லூவுக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. "அவதானே வந்தா, இவன் மேல என்ன தப்பு?" என்றார் தலைவர். எல்லை தாண்டி எதிரியிடம் போனவளுக்குத் தலை போகும்.

கோபுரத்தில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். லூவின் வாக்குமூலத்தை மரச்சட்டத்தில் நானே எழுதினேன். என் எழுத்து எப்போதும்போல் அழகாகவே இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது என்மேலேயே வெறுப்பாக வருகிறது.

ஏழாம் நாள்

காலையில் ரென் அக்காவைப் பிடித்துவந்து மதிலுக்கு வெளியே வைக்கோல் கொட்டகையில் அடைத்துவிட்டார்கள். தோட்டத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாளாம். கையில் மண்ணோடு வந்தாள்.

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. வாக்குமூலம் கொடுத்தவன் மூன்று நாளைக்குள் தன் வார்த்தையைத் திருத்திக்கொள்ளலாம், குற்றமில்லை. அதற்குமேல் பொய் என்று தெரிந்தால், யார் மேல் பழி சொன்னானோ அவர்களுக்கு உரிய தண்டனை அவனுக்கே வரும். லூவைத் தனியாகப் பிடித்தேன். குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான்.

"லூ, நாளைக்கு மறுநாள்வரைக்கும் நேரம் இருக்கு. தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நானே எழுதிடறேன், முடிஞ்சுபோச்சு."

"உனக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

"அவ வரவே இல்லைன்னு உனக்குத் தெரியும்."

"வந்திருக்கலாம்ல" என்றான். நாணமாக வேறு சிரித்தான். "இப்ப போய் மாத்தினா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

ஒரு பெண்ணின் கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது, இவனுக்கு நாலு பேர் சிரிப்பார்களே என்று கவலை. அந்தப் புல்கட்டோடு அவனையும் குதிரைக்குப் போட்டிருக்கலாம், குதிரை பாவம்.

எட்டாம் நாள்

கொட்டகைக்குச் சோறு கொண்டுபோகும் வேலையைக் கேட்டு வாங்கினேன். காவலுக்கு மெங் அண்ணன்தான். கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"அக்கா, அது யார் கால்னு..." என்று ஆரம்பித்தேன்.

"உன் காலுறையைத் தச்சதே நான்தானே" என்றாள் அவள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"தெரிஞ்சுமா பேசாம இருக்கே? பிடிச்சப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உன்னை இங்கே உட்காரவெப்பாங்க. யாராவது ஒருத்தி உட்காரணும். அவங்களுக்கு அவ்வளவுதான் வேணும்."

"அதுக்கு நீ ஏன் உட்காரணும்?" சத்தமாகவே கேட்டுவிட்டேன். மெங் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"மேலே இருக்கறவர் வரட்டும். என்ன ஏதுன்னு கேட்பார்ல? கேட்டா இல்லைன்னு சொல்றேன்." அவள் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். நான்தான் என்று சொன்னால் என் தலை போகும், ஆள் மாறாட்டத்துக்குத் தம்பியையும் அம்மாவையும் இழுத்து வருவார்கள். சொல்லாவிட்டால் இவள். கேட்டால் சொல்லலாம் என்கிறாள். எவன் கேட்கப்போகிறான்?

நாளை மறுநாள் மேலதிகாரி துவான் வருகிறார்.

ஒன்பதாம் நாள்

எல்லைக்கு அந்தப் பக்கத்து எதிரிகள், ஷியோங்னு குதிரைக்காரர்கள், வந்து போய்விட்டார்கள். தோள் வலி தாங்கவில்லை, ஆனாலும் எழுதியே தீருவேன்.

நடுப்பகலில் கிழக்கே அடுத்த கோபுரத்தில் புகை எழுந்தது. நாங்களும் வைக்கோலைக் கொளுத்திப் புகை எழுப்பினோம். அறுவடைத் தானியத்தைத் தேடி கிழக்கு வாசலைப் பார்த்து வந்தார்கள். குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லாரும் மதிலுக்குள் ஓடிவந்தார்கள். ஆடுகளை ஓட்டிவந்தார்கள், அண்டாக்களை உருட்டிவந்தார்கள், ஒருவன் கோழிக்கூண்டோடு வந்தான். தலைவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ரென் அக்கா கொட்டகையில இருக்கா" என்றேன்.

"யாரு?" என்றார் தலைவர். மறந்தே போய்விட்டாராம். நினைவு வந்ததும், "அவ அவங்க ஆளுதானே, ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றார்.

கோழிக்கு இடம் இருந்தது. நான் கோடரியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். தாழ்ப்பாளை இரண்டு வெட்டில் பெயர்த்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். அம்புகள் பக்கத்தில் விழுந்தன. மெங் அண்ணன் தலைவர் பேச்சைக் கேட்காமல் கதவை ஒருக்களித்துப் பிடித்திருந்தார்.

மதில்மேல் எனக்கு வில் பூட்டிக் கொடுக்க ஆளில்லை. ரென் அக்கா தரையில் மல்லாந்து, இரண்டு காலாலும் வில்லை உதைத்து, நாணை நெஞ்சுவரை இழுத்துப் பூட்டிப் பூட்டிக் கொடுத்தாள். நான் எய்துகொண்டே இருந்தேன். முன்னால் வந்தவனின் குதிரையைச் சாய்த்தேன், பின்னால் வந்தவை அதில் இடறின. அதன் பிறகு வந்தவனை நெஞ்சிலேயே அடித்தேன். அவனும் எவளோ ஒருத்தியின் தம்பியாகத்தான் இருப்பான். அதை நினைக்க நேரமில்லை, இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த படைப்பிரிவு வருவதைப் பார்த்துக் கலைந்து போனார்கள். எங்களில் இருவர் செத்துப்போனார்கள். தலைவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இதற்கு மேலிடத்தில் பட்டம் வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்தார். உடனே ரென் அக்காவை மறுபடி பூட்டச் சொன்னார். கொட்டகைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதால் தானிய அறையில் பூட்டினார்கள்.

ஒன்று பார்த்தேன். வில்லை உதைத்தபோது அவள் காலணி கழன்று விழுந்தது. மெங் அண்ணன் கால் அளவுக்கு இருக்கிறது அவள் கால். இத்தனை நாளில் அந்தக் காலைக் கொண்டுபோய் அந்தத் தடத்தில் வைத்துப் பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பத்தாம் நாள்

மேலதிகாரி துவான் வந்தார். நரைத்த தாடி, அலுத்துப்போன முகம். வந்ததும் சண்டையைப் பற்றிக் கேட்டார். என் பெயரைப் பட்டத்துக்கு எழுதியாயிற்று, சேதி கொண்டுபோகிறவன் அதை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டான் என்றார். பிறகு ரென் அக்காவின் கதைக்கு வந்தார். அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைவர் பேசினார், லூ பேசினான். அவளிடம் துவான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. லூவின் மூன்று நாள் முடிந்துபோயிருந்தது, இனி அவன் சாகிறவரை அதையேதான் சொல்வான்.

"ஐயா, இவ காலை அந்தத் தடத்துல வெச்சுப் பார்க்கணும்" என்றேன்.

மணலுக்குப் போனோம். சண்டையில் கலைந்தது போக, கவிழ்த்த கூடைகளில் ஒன்றுதான் மிதிபடாமல் இருந்தது. தூக்கினார்கள். ரென் அக்காவை அதற்குப் பக்கத்தில் மிதிக்கச் சொன்னார்கள். சின்ன அகப்பைக்குப் பக்கத்தில் பெரிய அகப்பை வைத்த மாதிரி இருந்தது.

தலைவர் கொஞ்சமும் அசரவில்லை. "மணல் காஞ்சா சுருங்கும் ஐயா" என்றார். நாலு பேர் ஆமாம் என்றார்கள். இத்தனை வருஷம் மணலோடு கிடப்பவர்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தம்பி, அம்மா, கழுத்து எல்லாம் ஒரு பக்கம் போகட்டும் என்று தோன்றிவிட்டது. காலணியையும் காலுறையையும் கழற்றி எறிந்தேன். "அது என் கால். துணி அலச ஏரிக்குப் போனேன். எந்த எதிரியையும் பார்க்கப் போகலை. இவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லி, என் காலை அந்தத் தடத்துக்குள் வைத்தேன். விரலுக்கு விரல் பொருந்தியது.

முதலில் மெங் அண்ணன்தான் கனைத்தார். பிறகு தலைவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இப்ப புரியுது ஐயா. நேத்து உயிரைக் கொடுத்து அவளை இழுத்துட்டு வந்தானே, எதுக்குன்னு நினைச்சேன். அவ வந்தது லூவைத் தேடி இல்லை, இவனைத் தேடி. அவளைக் காப்பாத்தக் காலைக் கொடுக்கறான் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். "கொடுத்துவச்சவன்" என்ற அதே குரல் மறுபடி கேட்டது. ஒரு பெண் நட்டநடு வெளிச்சத்தில் தன் காலணியைக் கழற்றிக் காலைக் காட்டி, இது என்னுடையது என்கிறாள், அதிலும் அவர்களுக்கு ஒரு காதலன்தான் தெரிகிறான்.

துவான் மட்டும் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கழுத்தை, பிறகு என் முகத்தை. "இந்தப் பையன் இங்கே எவ்வளவு காலமா இருக்கான்?" என்று தலைவரைக் கேட்டார்.

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது ஐயா."

"ஆளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"ஒவ்வொரு தடவையும் நீங்கதானே ஐயா."

"காலணியைப் போட்டுக்கோ, குளிரும்" என்றார் என்னிடம். பிறகு ஏரியைப் பார்ப்பதுபோல் இரண்டடி முன்னால் வந்தார். அந்த ஒரே தடத்தின் மேல் அவருடைய காலணி நன்றாக அழுந்தியது. கிழட்டு மடையன், காலுக்கடியில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் நடக்கிறான்.

"வீரனோட பொண்டாட்டி கோபுரத்துக்கு வரலாம், ஏரிக்கும் போகலாம். தடத்தைச் சொல்லாம விட்டது மட்டும்தான் தப்பு" என்றார். "குவோ அன், நீ அவளைக் கட்டிக்கோ. வழக்கு முடிஞ்சுது."

"லூ பொய் சொன்னான் ஐயா. அதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"பசங்க பேச்சு" என்றார்.

ரென் அக்காவை யாரும் கேட்கவில்லை. நான்தான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் துவானை, தலைவரை, லூவை, ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கழுத்தா கல்யாணமா என்றால் வேறு எப்படி ஆட்டுவது? திருமணப் பதிவை நானே எழுதினேன். இந்தக் கோபுரத்தில் எழுதத் தெரிந்தவன் குவோ அன் ஒருவன்தான்.

பன்னிரண்டாம் நாள்

பட்டம் வந்துவிட்டது. குவோ அன்னுக்கு ஒரு படி உயர்வு, ஊரில் நிலம், வீட்டுக்கு வரிச் சலுகை. எனக்கு வலது தோள் இன்னும் தூக்க முடியவில்லை.

தம்பி நோஞ்சான் என்று எழுதினேன். பொய். அவன் முழு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவான். அப்போதுதான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அம்மாதான் என்னை உட்காரவைத்து, சடையைப் பிரித்து, ஆண்பிள்ளைக் கொண்டையாக முடிந்துவிட்டாள். "நீ போனா வீட்டுல ஒரு வாய் குறையும். அவன் போனா குலமே இருக்காது" என்றாள். வலிக்காமல்தான் முடிந்தாள், அதையும் சொல்ல வேண்டும். நானே ஆசைப்பட்டு வந்தேன் என்று இரண்டு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருபதாம் நாள்

ரென் அக்கா கோபுரத்துக்கு அடியில் சின்ன அறைக்கு வந்துவிட்டாள். எனக்கு வெந்நீர் கிடைக்கிறது. துணியை அவளே கொண்டுபோய் அலசிக்கொண்டு வருகிறாள். மணலில் அவள் தடம் பெரிது பெரிதாகப் பதிகிறது, லூ ஒன்றும் கேட்காமல் அழிக்கிறான். அளவு மாறியிருக்கிறதே என்று தலைவருக்குக்கூடத் தோன்றவில்லை.

பத்தாம் மாதம், நான்காம் நாள்

எனக்கு இப்போது தலைவரின் உதவியாளன் பதவி. அவருக்குப் பதிலாக முத்திரை வைப்பதும் என் வேலை. தெற்கு வாசலைத் தாண்டிப் போகிறவர்களுக்கு வழிச்சீட்டு எழுதி, களிமண் பூசி, முத்திரை அழுத்திக் கொடுக்க வேண்டும்.

இன்று வரிசையில் எல்லாரும் போன பிறகு, கடைசியாக ரென் அக்கா வந்து நின்றாள். தோளில் மூட்டை இருந்தது, முகம் சிவந்திருந்தது.

"தங்கைக்கு உடம்பு சரியில்லை. வாசல்ல விடமாட்டேங்கறான். புருஷன் எழுதிக் கொடுத்தாத்தான் போகலாமாம்."

"முன்னே போய்ட்டிருந்தியே?"

"முன்னே நான் செத்தவன் பொண்டாட்டி. யாரையும் கேட்க வேண்டாம்." மூட்டையை இறக்கி வைத்தாள். "தோட்டத்தையும் போய்ப் பார்த்தேன். தலைவரோட ஆள் அளந்துட்டிருக்கான். குவோ அன் பேருக்கு மாத்தறாங்களாம். பொண்டாட்டி நிலம் புருஷனுக்காம். பூண்டு போட்டது நான், தண்ணி இறைச்சது நான். அவன் யாருடி, உன் தம்பி? அவன் மூஞ்சியை நான் பார்த்திருக்கேனா?"

இத்தனை நாளில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கொட்டகையில் பூட்டியபோது உயரவில்லை, சாவு முன்னால் நின்றபோது உயரவில்லை. அவளைக் காப்பாற்றினேன் என்று இருபது நாளுக்கு மேலாக உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. காப்பாற்றிய கையோடு அவளுடைய தோட்டத்தையும் வழியையும் பிடுங்கி, சுவரைப் பார்த்துப் படுத்தவனிடம் கொடுத்திருக்கிறேன். இதில் நான் கேட்டது எது, அவள் கேட்டது எது? ஒன்றுமில்லை. ஆனால் பதிவில் இருப்பது என் எழுத்து.

"தோட்டத்தை நான் விடமாட்டேன். பொண்டாட்டி வேண்டாம்னு புருஷன் எழுதிக் கொடுத்தா அவ நிலம் அவளுக்கே திரும்பி வரும், அப்படி ஒரு சட்டம் இருக்கு. எழுதட்டுமா?" என்றேன்.

அவள் யோசித்தாள். "அதை எழுதி உள்ளே வை. இன்னும் ஒரு வருஷம் நீ இங்கே இருக்கணுமே, துணியை எங்கே அலசுவே? நீ ஊருக்குக் கிளம்பற அன்னைக்கு என்னை விலக்கிடு. இப்ப சீட்டைக் கொடு, பொழுது ஏறுது."

புதிய மரச்சட்டம் ஒன்றை எடுத்தேன். வழக்கமான வாசகம் எனக்கு மனப்பாடம்: என் மனைவி இன்னார், இன்ன இடம் போய்வர அனுமதிக்கிறேன். முதல் எழுத்தை எழுதினேன், கத்தியை எடுத்து அதைச் சீவி அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி சீவினேன். அக்கா கால் மாற்றி நின்றாள்.

மூன்றாவது தரம் இப்படி எழுதினேன்: ரென் தன் தங்கையைப் பார்க்கப் போகிறாள். விரும்பும்போது திரும்பி வருவாள். இவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடியில் குவோ ஷியூ என்று எழுதினேன். அது என் பெயர். இரண்டு வருஷமாக எங்கும் எழுதாத பெயர், கோடுகள் கொஞ்சம் கோணலாக விழுந்தன.

களிமண்ணைப் பூசி முத்திரையை நன்றாக அழுத்திக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் மதில்மேல் ஏறி நின்று பார்த்தேன். வாசலில் இருந்தவனுக்கு எழுத வராது, படிக்க மட்டும் தெரியும், நான்தான் கற்றுக்கொடுத்தேன். மரச்சட்டத்தை வாங்கிப் புரட்டினான். வெயிலில் பிடித்து முத்திரையைப் பார்த்தான், விரலால் தடவிப் பார்த்தான். எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. "போ" என்று கையைக் காட்டினான், அவள் போனாள்.